நகரத் திட்ட விதிகளை எப்படி மறுபடி அடுக்கலாம்? மட்டக்களப்பை வைத்துப் பேசுவோம்

#1 பிளான்காரர், கோட்டைமுனை

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் பதினெட்டு வருடமாக வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கிறேன். போன கிழமை ஓர் அம்மா வந்தார். கல்லடியில் 20 பேர்ச் வளவு (ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர்), மூன்று பெண் பிள்ளைகள். மூத்த மகளுக்கு முன்பக்கம் 8 பேர்ச்சில் வீடு கட்டிச் சீதனமாக எழுதியாயிற்று. மிச்சம் 12 பேர்ச்சை மற்ற இருவருக்கும் பிரிக்க வேண்டும். "தம்பி, இந்த வளவில் என்ன கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று ஒரு தாளில் எழுதித் தாங்க, பிள்ளைகளிடம் காட்ட வேணும்" என்றார்.

அந்த ஒரு தாளை என்னால் எழுத முடியவில்லை. இரண்டு இரவு இருந்து பார்த்தேன். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வளவு வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்தால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம். முன்னால் போவது ஏ4 வீதி என்றால், வீதிப் பக்கம் எதுவரை கட்டலாம் என்ற கட்டிட எல்லைக்கோடு வீதி அபிவிருத்தி அதிகார சபை கையில். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேசம் என்பதால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2021இல் வந்த ஒழுங்குவிதிகளும். அதற்கு முன் 35 வருடம் 1986ஆம் ஆண்டு விதிகள்தான் இருந்தன. மூத்த மகளின் வீடு அந்தக் காலத்தில் எழும்பியது. எல்லாவற்றுக்கும் அடியில் 1915இன் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், 1946இன் நகர நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம், 1947இன் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். பின்பக்கம் வயலாக இருந்திருந்தால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் சேரும்.

இதில் எதுவும் வீண் சட்டம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காக வந்தது. ஆனால் புதியது வரும்போது அடியில் கிடப்பதை எடுத்து அடுக்கிவிட்டு வைத்தவர் யாரும் இல்லை. அளவுகளைப் பாருங்கள். பழைய காணி உறுதிப் பத்திரத்தில் பாகக் கணக்கு, சர்வேயர் படத்தில் ஹெக்டேயர், வாய்ப்பேச்சில் பேர்ச், விதியில் சதுர மீற்றர். நான்கையும் மாற்றிப் பார்த்தால்தான் ஒரு மதிலை எங்கே வைப்பது என்று தெரியும்.

புதிய விதி எழுதுவதற்கு முன், இருப்பதை ஒரே புத்தகமாக, தமிழில், வளவைச் சொன்னால் பக்கம் வரும் மாதிரி அடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அடுக்கும்போதுதான் எது காலாவதியானது என்பதே கண்ணில் படும். உங்கள் தெருவில் எந்த விதியை முதலில் மாற்றுவீர்கள்? சொல்லுங்கள்.

#2 அரசடிக் கடை

நல்ல இழை, பிளான்காரர். நான் மாற்றச் சொல்வது வீட்டையும் கடையையும் பிரிக்கிற கோட்டை. எங்கள் அப்பா காலத்திலிருந்து முன்னறை கடை, பின்னால் வீடு. இரவில் கடையைப் பூட்டினால் கதவுக்கு இந்தப் பக்கம் சோறு. எங்கள் தெருவில் ஒருவர் தைக்கிறார், ஒருவர் பின்னேரம் இடியப்பம் விற்கிறார், இரண்டு வீட்டில் டியூஷன், ஒரு வீட்டில் போட்டோக்கொப்பி. திட்ட வரைபடத்தில் எங்கள் தெருவுக்கு வதிவிட வலயம், அதாவது வீடுகளுக்கான பகுதி, என்று நிறம் பூசினால் இவர்களெல்லாம் விதியை மீறியவர்கள். வர்த்தக வலயம் என்று பூசினால் சோலைவரி ஏறும், காணி விலை ஏறும், நாளைக்கு மூன்று மாடிக் கட்டிடம் பக்கத்தில் வரும். எங்களுக்கு இரண்டுமே வேண்டாம். தெரு இப்போது இருக்கிற மாதிரியே இருக்க ஒரு விதி வேண்டும்.

#3 நாவற்குடா டீச்சர்

அரசடித் தம்பி சொல்வது இடியப்பத்துக்குச் சரி. என் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை. முதலில் ஒரு ஆள், ஒரு மெஷின். இப்போது ஆறு பேர். காலை ஏழு மணிக்கு கிரைண்டர் தொடங்கும். கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கும் நாட்களில் துணி காயப்போட முடியாது. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் என்னிடம் படிக்க வருகிறார்கள், சத்தத்தில் பாடம் சொல்ல முடியவில்லை.

முறையிடப் போனேன். "இரும்பு வேலைக்கு உரிமம் எடுத்திருக்கிறார், டீச்சர்" என்றார்கள். எத்தனை ஆள், எத்தனை மணி வரை, எவ்வளவு சத்தம் என்று அந்த உரிமத்தில் ஒரு வரி இல்லை. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, வேறு இடம் கிடைக்கவில்லை. அதனால் சொல்கிறேன், பிரிக்கிற கோட்டை அழித்துவிடாதீர்கள். அது எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கிற கடைசி வேலி.

#4 அரசடிக் கடை

டீச்சர், உங்கள் கதையை வாசித்த பிறகு என் பேச்சைக் கொஞ்சம் திருத்துகிறேன். பட்டறை என் பக்கத்தில் வந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

#5 ஊர்விட்ட மாணவி, மெல்பேர்ண்

அண்ணாமார், அக்காமார், டீச்சர், வணக்கம். நான் ஆரையம்பதிப் பிள்ளை, இங்கே நகரத் திட்டமிடல் படிக்கிறேன். நீங்கள் இருவரும் ஒரே இடத்தைத்தான் தொடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வலயப்படுத்தல் என்ற இந்த முறை பெரிய அளவில் தொடங்கியது நியூயோர்க்கில், 1916இல். ஒரு பிரமாண்டமான அலுவலகக் கட்டிடம் சுற்றுத் தெருக்களை எல்லாம் நிழலில் போட்டுவிட்டதும் அதற்கு ஒரு காரணம். 1926இல் ஒகையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில், இப்படி வலயம் பிரிப்பது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதன்பிறகு வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், தொழிற்சாலை ஒரு பக்கம் என்ற அடுக்கு உலகம் முழுக்கப் போனது. புகைபோக்கித் தொழிற்சாலை வீட்டுப் பக்கத்தில் வரக்கூடாது என்பதற்காக எழுதிய முறை அது. இடியப்பம் விற்பவரை நினைத்து எழுதியதல்ல.

அமெரிக்காவிலேயே பல நகரங்கள் இப்போது அதைக் கழற்றி மாட்டுகின்றன. பிலடெல்பியா 1962ஆம் ஆண்டு வலய விதித் தொகுப்பை, அதாவது விதிக் கோவையை, வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் ஒட்டுப்போட்டுக் கொண்டிருந்தது. 2007இல் வாக்கெடுப்பு வைத்து ஓர் ஆணைக்குழு அமைத்து, 2012இல்தான் புதியது நடைமுறைக்கு வந்தது. பஃபலோ 2017இல் புதுக் கோவை கொண்டுவந்து, இத்தனை வாகனத்துக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நகரம் முழுக்க எடுத்தது. அந்தக் கோவை கட்டிடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை விட, கட்டிடம் தெருவோடு எப்படி நிற்கிறது என்பதைத்தான் அதிகம் பார்க்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது யப்பானின் முறை. நாடு முழுவதற்கும் 13 வலய வகைதான். அதில் மிகக் கண்டிப்பான தாழ்மாடி வதிவிட வலயத்தில்கூட வீட்டோடு ஒட்டிய சிறு கடை வைக்கலாம். கடைப் பகுதி 50 சதுர மீற்றருக்கு மேல் போகக்கூடாது, வீட்டின் பாதியைத் தாண்டக்கூடாது. அரசடி அண்ணாவின் முன்னறை அதற்குள் தாராளமாக அடங்கும். டீச்சர் வீட்டுப் பட்டறை அடங்காது. தொழிலின் பெயரைப் பார்க்காமல், அதன் அளவையும் பக்கத்து வீட்டுக்கு அது கொடுக்கும் தொல்லையையும் பார்த்துப் பிரித்தால் இரண்டு பேருக்கும் வழி இருக்கிறது. ஒரு ஆள், ஒரு மெஷின் என்றிருந்த பட்டறை ஆறு பேராக வளர்ந்தபோது அது வேறு வகைக்குள் போயிருக்க வேண்டும். அப்போது யாராவது வந்து பார்த்திருப்பார்கள்.

#6 கடற்கரை வீதி, காத்தான்குடி

தங்கச்சி விளக்கமாகச் சொன்னீர்கள். நான் பிளான்காரரின் 12 பேர்ச்சுக்குத் திரும்ப வருகிறேன். எங்கள் ஊரில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. தமிழாக்களுக்கும் எங்களுக்கும் இதில் ஒரே வழக்கம், பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தே ஆக வேண்டும். வாப்பாவின் வளவு இரண்டாகும், அவர்கள் பிள்ளைகள் காலத்தில் நான்காகும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, ஊர் எங்கே அகலப் போகிறது?

1986 விதி சொன்ன குறைந்த அளவு 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். இன்றும் ஆட்கள் மனதில் வைத்திருப்பது அந்தக் கணக்கைத்தான். அந்த அம்மாவின் 12 பேர்ச்சில் பின் வளவுக்குப் பாதை விட்டால் இரண்டுமே 6க்குக் கீழே போகும். பிறகு என்ன நடக்கும்? அனுமதி எடுக்காமல் கட்டுவார்கள். அனுமதி இல்லாவிட்டால், பிளான்படி கட்டியது என்று கொடுக்கும் இணக்கச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் வங்கிக் கடன் கஷ்டம். கடன் இல்லாவிட்டால் கம்பியையும் சீமெந்தையும் குறைத்து மேல்மாடி போடுவார்கள். குறைந்த அளவு என்று ஒன்றைப் போட்டதே நல்லபடி வாழத்தான். அது இப்படித் திரும்பி வந்து அடிக்கிறது.

அதே நேரம் அளவை 3 பேர்ச்சாகக் குறைத்தால் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். மணல் நிலம், நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். 10க்கு 15 மீற்றர் என்று 6 பேர்ச் வளவு இருந்தால் முழு நீளமே 50 அடிதான். பக்கத்து வீட்டுக் குழி மதிலுக்கு அப்பால் எங்கே இருக்கிறதோ தெரியாது. உன்னிச்சைத் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் எத்தனை வீட்டில் கிணற்றுத் தண்ணீரால் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் என் கருத்து இது. ஒரே குடும்பத்தின் வளவை ஒன்றாக வைத்துப் பிளான் போட விதியில் ஓர் இடம் வேண்டும். மூன்று வீடு, மூன்று உறுதி, ஆனால் பாதை ஒன்று, மலக்குழி ஒன்று, காற்று வர நடுவில் ஒரு முற்றம். எங்கள் உம்மாமார் பேசிக்கொண்டு இருந்த முற்றம் அதுதான்.

#7 நாவலடியிலிருந்து திராய்மடு

காத்தான்குடிக் காக்கா, மலக்குழி பற்றி நீங்கள் சொன்னதை வாசித்ததும் எழுத வேண்டும் போல் இருந்தது. நான் நாவலடியில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சுவர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. குடும்பத்தில் யார் யார் போனார்கள் என்று இங்கே எழுத மாட்டேன்.

அதன் பிறகு ஒரு கோடு வந்தது. நாட்டின் தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக்கூடாது. ஒரு வருடத்துக்குள் அதைத் தளர்த்தினார்கள். பழைய வளவில் திரும்பக் கட்டலாமா என்று நான் ஏறி இறங்கிய கந்தோர்களில் ஒரே மாதத்தில் மூன்று விதமான பதில் கிடைத்தது. கடைசியில் திராய்மடு வந்தோம். இங்கே கடல் இல்லை, சரி. ஆனால் பெயரைப் பாருங்கள், மடு. 2011 ஜனவரி வெள்ளத்தில் கட்டிலை நான்கு கல்லின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தோம்.

புளியந்தீவு, கோட்டைமுனை, நாவற்குடா, கல்லடி உப்போடை, பாலமீன்மடு, சேத்துக்குடா. தீவு, முனை, குடா, ஓடை, மடு. எங்கள் முன்னோர் தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டு மழையில் பெரும்பங்கு நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டி முடிகிற ஊர் இது. அந்த நேரம், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிடும் வரை வாவி ஏறிக்கொண்டே போகும். வீடா கடையா என்று பிரிப்பதற்கு முன்னால் தண்ணீரின் வழியைக் குறியுங்கள். அதில் மட்டும் யாருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். கடை தவறான இடத்தில் இருந்தால் சண்டை வரும், தண்ணீரின் வழியில் வீடு இருந்தால் உயிர் போகும்.

#8 பிளான்காரர், கோட்டைமுனை

அக்கா, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன். என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கீறுகிற பிளானில் கட்டிடத்தின் உயரம் இருக்கும், வீட்டுக்குப் பின்னால் விடுகிற பின்வெளி 2.3 மீற்றர் இருக்கும், யன்னலின் அளவு இருக்கும். அந்த நிலம் தெருவை விட எவ்வளவு உயரம், பக்கத்து வளவை விட எவ்வளவு உயரம் என்று நான் குறிப்பதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் நடப்பது என்ன? ஒருவர் பத்து லோட் மண் கொட்டி இரண்டடி உயர்த்துகிறார். அவருடைய தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகிறது. அடுத்த வருடம் அவரும் மண் கொட்டுகிறார். கடைசியில் மண் கொட்ட வசதி இல்லாத வீட்டில் தண்ணீர் நிற்கிறது. ஒவ்வொரு பிளானும் தனியாகப் பார்த்தால் சரி. ஒழுங்கையை முழுதாகப் பார்த்தால் பிழை. இதில் என் கையும் இருக்கிறது.

#9 ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்

பிள்ளைகளே, நல்ல பேச்சு நடக்கிறது. நான் திட்டமிடல் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உற்சாகத்தைக் குறைக்க வரவில்லை, வழியைக் காட்ட வருகிறேன்.

பாராளுமன்றச் சட்டத்தை மாநகர சபை மாற்ற முடியாது. 1915ஐயும் 1946ஐயும் இங்கே இருந்து அகற்ற முடியாது. ஆனால் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் 1982இல் செய்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனியாக அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கலாம். வலயங்களும் அவற்றின் விதிகளும் அதற்குள்தான் வரும். திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது. நம் ஆட்கள் அந்த நேரத்தில் எழுதிக் கொடுப்பது குறைவு. கோபம் வருவது மதில் கட்டும் நாளில். அதற்கு முன்னாலேயே கடதாசியில் வர வேண்டும்.

அப்புறம், பிளான்காரர் கேட்ட ஒரே புத்தகத்துக்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அது வழிகாட்டி நூல். சட்ட வலு இருக்காது, ஆனால் உத்தியோகத்தரும் மக்களும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசலாம். அதற்கு முதலில் சொற்களை ஒன்றாக்க வேண்டும். வீதிக்கோடு, கட்டிட எல்லைக்கோடு, பின்வெளி, ஒதுக்கீடு என்று தமிழில் ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அதன் பக்கத்தில் ஒரு படம். எங்கள் காலத்தில் இதைச் செய்யாமல் விட்டதற்கு எனக்கு வருத்தம் உண்டு.

ஏற்கெனவே இருக்கும் கட்டிடங்களையும் மறக்காதீர்கள். புதிய விதி வந்த மறுநாள் ஊரில் பாதி வீடு சட்டவிரோதம் என்றானால் அந்த விதியை யாரும் மதிக்க மாட்டார்கள். கட்டிய காலத்து விதிக்குப் பொருந்திய வீடு இருக்கலாம். கூட்டிக் கட்டும்போது, இடித்துக் கட்டும்போது புதிய விதிக்கு வரட்டும். தண்ணீர் வழியை மறிப்பவற்றுக்கு மட்டும் தவணை குறித்து, வேறு காணியும் கொடுக்க வேண்டும்.

#10 கல்முனையான்

அம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குத் தோணாதான் தண்ணீரின் வழி. மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற அதை வருடா வருடம் இரண்டு பக்கமும் நெருக்குகிறார்கள். ஐயாவிடம் ஒரு கேள்வி. 1986 விதிகளில் ஒரு ஹெக்டேயருக்கு மேல் காணி பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பொது வெளியாக விட வேண்டும் என்று இருந்தது அல்லவா? ஒரு ஹெக்டேயர் என்றால் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். இரண்டு இரண்டு ஏக்கராகப் பிரித்து விற்றால் ஒரு பேர்ச்கூட விட வேண்டியதில்லை. பத்து ஏக்கர் வயல் அப்படி ஐந்து துண்டாக வீடாகிவிட்டால் பிள்ளைகள் விளையாட எங்கே போவார்கள்?

#11 ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. காணியின் அளவை வைத்துக் கேட்காமல், எத்தனை துண்டு விற்கப்படுகிறதோ அதை வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் இவ்வளவு என்று கேட்டால் அந்த ஓட்டை அடைபடும். எழுதிக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#12 நாவற்குடா டீச்சர்

பட்டறைத் தம்பியோடு இன்று கதைத்தேன். இந்த இழையைக் காட்டினேன். ஊருக்கு வெளியே, மின்சாரம் உள்ள இடத்தில் பட்டறைகளுக்கு என்று வாடகைக் கொட்டகை கட்டிக் கொடுத்தால் தானே முதல் ஆளாகப் போவேன் என்றார். விதியில் "இங்கே கூடாது" என்று எழுதும்போது "அங்கே செய்யலாம்" என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்று ஐயாவிடம் கேட்டுக்கொள்கிறேன். பரீட்சை முடியும் வரை காலையில் ஒன்பது மணிக்குப் பிறகே கிரைண்டர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

#13 பிளான்காரர், கோட்டைமுனை

அந்த அம்மாவுக்கு நேற்று ஒரு தாள் கொடுத்தேன். காக்கா சொன்ன முற்றத்தை வைத்தே கீறியிருக்கிறேன். மூன்று வீடும் ஒரே பாதையில் திறக்கின்றன. கிணறு கிழக்கு மூலையில், மூன்று வீட்டுக்கும் பொதுவான குழி மேற்கு ஓரத்தில், நடுவில் 17 மீற்றர். இப்படிச் சேர்த்துக் கேட்டால் அனுமதி கிடைக்குமா என்று எனக்கு இன்னும் உறுதியில்லை. திட்டமிடல் குழுவுக்குக் காரணத்தை விளக்கி ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். ஐயா அதை வாசித்துத் திருத்தித் தந்தார்.

தாளின் அடியில் முதல் தடவையாக நிலமட்டம் குறித்தேன். தெருவை விட ஓர் அடி தாழ்வு. அதனால் மண் கொட்டாமல் தூண் வைத்து உயர்த்தச் சொன்னேன். செலவு கூடும் என்று அம்மா யோசித்தார். பிறகு பக்கத்து வளவு தன் தங்கையின் மகளுடையது என்று சொல்லிச் சம்மதித்தார்.

#14 நாவலடியிலிருந்து திராய்மடு

தம்பி, எங்கள் ஒழுங்கையில் ஏழு வீட்டுச் சுவரில் 2011 தண்ணீர்க் கறை இன்னும் தெரிகிறது. இரண்டு வீட்டில் பெயின்ற் அடிக்கப் போகிறார்கள். அதற்கு முன் அளந்து எழுதி வைக்க வேண்டும். ஞாயிறு காலை வர முடியுமா? மட்டம் பார்க்கிற குழாயும் அளவு நாடாவும் கொண்டு வாருங்கள். அரசடித் தம்பி ஆட்டோ தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், சாப்பாடு எங்கள் வீட்டில்.